டிஸ்க் கோல்ஃப்: பிளாஸ்டிக்கும் வடிவமும் டிஸ்க்கின் பறத்தலை மாற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஸ்க் எனப்படும் தட்டை வீசி, சங்கிலிகள் தொங்கும் கூடைக்குள் விழச்செய்யும் விளையாட்டு டிஸ்க் கோல்ஃப். கீழே உள்ள விடைகள் அனைத்தும் வலக்கை பேக்ஹேண்ட் வீச்சை (கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசுவது), அதாவது மேலிருந்து பார்க்கும்போது டிஸ்க் கடிகாரத் திசையில் சுழலும் வீச்சை, அடிப்படையாகக் கொண்டவை. இடக்கையால் பேக்ஹேண்ட் வீசுபவர்களும் வலக்கையால் ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கை முன்னோக்கியிருக்க, உடலின் பக்கத்திலிருந்து) வீசுபவர்களும் வலம், இடம் என்று வரும் இடங்களை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

டிஸ்க் எப்படிப் பறக்கும் என்பதைத் தீர்மானிப்பது பிளாஸ்டிக்கா, வடிவமா?

வடிவம்தான். கையை விட்டுக் கிளம்பிய பிறகு டிஸ்க்கைத் தாங்குவதும் தடுப்பதும் காற்று. அந்தக் காற்று சந்திப்பது டிஸ்க்கின் புறவடிவத்தை மட்டுமே. வடிவம், எடை, எடை பரவியிருக்கும் விதம் ஆகிய மூன்றும் ஒத்திருக்கும் இரண்டு டிஸ்க்குகள் ஒரே வேகத்திலும் ஒரே சுழற்சியிலும் ஒரே கோணத்திலும் கிளம்பினால், அவை எந்த பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டிருந்தாலும் ஏறத்தாழ ஒரே பாதையில்தான் செல்லும்.

அப்படியானால் ஒரே பெயர் தாங்கிய டிஸ்க் ஒரு பிளாஸ்டிக்கில் நேராகவும் இன்னொன்றில் இடப்பக்கம் சாய்ந்தும் பறப்பதை வீரர்கள் நாள்தோறும் காண்பது ஏன்? பிளாஸ்டிக் மறைமுகமாக மூன்று வழிகளில் செயல்படுகிறது. அச்சிலிருந்து வெளிவந்து ஆறும்போது டிஸ்க் எந்த வடிவத்தில் இறுகுகிறது என்பது பிளாஸ்டிக்கைப் பொறுத்தது. விரல்களுக்குப் பிடி எவ்வளவு கிடைக்கிறது, அதனால் வீச்சு எவ்வளவு சுத்தமாகக் கிளம்புகிறது என்பதும் அதைப் பொறுத்ததே. மரத்திலும் கல்லிலும் மோதிய பிறகு டிஸ்க் தன் வடிவத்தை எவ்வளவு காலம் காப்பாற்றுகிறது என்பது மூன்றாவது. பிளாஸ்டிக்கைப் பற்றிக் கேட்கப்படும் எந்தக் கேள்வியையும் இந்த மூன்றில் ஒன்றாக மாற்றிப் பார்த்தால் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

டிஸ்க் முதலில் வலப்பக்கமும் கடைசியில் இடப்பக்கமும் திரும்புவது ஏன்?

காற்று டிஸ்க்கை மேலே தூக்கும் விசை முழுவதும் ஒரு புள்ளியில் செயல்படுவதாகக் கொண்டால், அதை அழுத்த மையம் எனலாம். டிஸ்க்கின் எடை மையம் சரியாக நடுவில் இருக்கிறது. அழுத்த மையமோ அங்கே நிலையாக இருப்பதில்லை. டிஸ்க் மிக வேகமாகவும் காற்றுக்குக் கிட்டத்தட்ட இணையாகவும் செல்லும்போது அழுத்த மையம் பின்னால் நகர்ந்து, முன்விளிம்பைக் கீழே அழுத்தப் பார்க்கிறது. வேகம் குறைந்து, டிஸ்க் கீழிறங்கத் தொடங்கி, காற்று அடிப்பக்கத்திலிருந்து மோதும்போது அது முன்னால் வந்து, முன்விளிம்பை மேலே தூக்கப் பார்க்கிறது.

டிஸ்க் சுழலாமல் இருந்தால் உண்மையிலேயே குப்புற விழும் அல்லது மல்லாந்துவிடும். சுழலும் பொருளோ, சுற்றும் பம்பரத்தைப் பக்கத்தில் தட்டினால் அது வேறு பக்கம் சாய்வதுபோல, தன்மீது செயல்படும் திருப்புவிசைக்குச் செங்குத்தான திசையில் சாயும். அதனால் முன்விளிம்பைக் கீழே அழுத்தும் விசை டிஸ்க்கை வலப்பக்கம் சாய்க்கிறது. இதைத்தான் டர்ன் என்கிறோம். முன்விளிம்பைத் தூக்கும் விசை இடப்பக்கம் சாய்க்கிறது, இது ஃபேட். டர்ன் அதிகமுள்ள டிஸ்க் அண்டர்ஸ்டேபிள் என்றும், டர்ன் குறைந்து ஃபேட் மிகுந்த டிஸ்க் ஓவர்ஸ்டேபிள் என்றும் வழங்கப்படுகின்றன. சுழற்சி வலுவாக இருக்கும் அளவுக்கு இந்தச் சாய்வு மெதுவாக நிகழும் என்பதால், சுழற்சி குறைவாக வீசுபவரின் டிஸ்க் சீக்கிரமே திசை மாறிவிடுகிறது.

இதன் பிறகு வரும் வடிவக் கேள்விகள் எல்லாவற்றையும் இந்த ஒரே கேள்வியாகச் சுருக்கலாம்: அந்த வடிவம் அழுத்த மையத்தை எங்கே நகர்த்துகிறது?

டிஸ்க்கின்மீது அச்சிடப்பட்டிருக்கும் நான்கு எண்கள் எவற்றைக் குறிக்கின்றன?

டிஸ்க் தயாரிக்கும் இன்னோவா நிறுவனம் பரப்பிய முறை இது. வேகம், கிளைட் (காற்றில் மிதக்கும் திறன்), டர்ன், ஃபேட் என்பது வரிசை. இன்னோவா லெப்பர்ட் 6, 5, −2, 1 என்று குறிக்கப்படுகிறது. ஃபயர்பேர்ட் 9, 3, 0, 4. முதலாவது வலப்பக்கம் தாராளமாகச் சாய்ந்து கடைசியில் மெல்லத் திரும்பும். இரண்டாவது வலப்பக்கம் போகவே மறுத்து, இடப்பக்கம் வலுவாகத் திரும்பி இறங்கும்.

வேகம் என்ற எண்ணைப் பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். அது டிஸ்க் தானாகத் தரும் வேகம் அன்று; மற்ற மூன்று எண்களும் உண்மையாக வேண்டுமானால் வீசுபவர் டிஸ்க்குக்குத் தரவேண்டிய வேகம். எண்கள் அனைத்தும் பெரும்பாலும் அச்சுக்குத்தான் தரப்படுகின்றன. குறிப்பிட்ட பிளாஸ்டிக்கில், குறிப்பிட்ட தொகுப்பில் வந்த உங்கள் டிஸ்க்குக்கு அல்ல. ஒரு நிறுவனத்தின் எண்ணை மற்றொரு நிறுவனத்தின் எண்ணோடு ஒப்பிடும்போது இன்னும் எச்சரிக்கை தேவை.

விளிம்பின் அகலம் என்ன செய்கிறது?

வேகத்தைத் தீர்மானிக்கிறது. கூடைக்கு அருகிலிருந்து வீசுவதற்கான பட்டர்களின் விளிம்பு ஏறத்தாழ 1 செ.மீ. அகலமும் மழுங்கிய முன்பக்கமும் கொண்டது. வெகுதூரம் வீசுவதற்கான, இன்னோவா டெஸ்ட்ராயர் போன்ற தொலைவு டிரைவரின் விளிம்பு 2.2 செ.மீ. அகலமும் கூரிய முன்பக்கமும் கொண்டது. அகன்ற, கூரான விளிம்பு காற்றைப் பிளந்து செல்வதால் தடை குறைகிறது. விளிம்பில் பிளாஸ்டிக் அதிகம் என்பதால் எடை ஓரத்தில் குவிந்து சுழற்சியும் நீடிக்கிறது. மழுங்கிய விளிம்பு விரைவில் வேகத்தை இழக்கிறது. அப்படி இழப்பது பட்டருக்குக் குறையன்று. கூடையைத் தாண்டி வெகுதூரம் ஓடிவிடாமல் அருகிலேயே விழுவதற்கு அதுவே காரணம்.

இந்த விளையாட்டின் வரலாற்றையே மாற்றியது விளிம்புதான். 1983-இல் இன்னோவா வெளியிட்ட ஈகிள் என்ற டிஸ்க், அதுவரை இருந்த ஃபிரிஸ்பீ வகைத் தட்டுகளின் உருண்ட ஓரத்துக்குப் பதிலாகச் சரிவாகச் செதுக்கிய ஓரத்துடன் வந்தது. டேவ் டுனிபேஸ் வடிவமைத்த அந்த ஓரத்திலிருந்துதான் இன்றைய டிரைவர்கள் அனைத்தும் கிளைத்தன. விளிம்பு எல்லையின்றி அகன்றுகொண்டே போகாதபடி பி.டி.ஜி.ஏ. எனப்படும் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம் 2.6 செ.மீ. என்ற வரம்பை வைத்திருக்கிறது. முன்விளிம்பு கத்திபோல் கூர்மையாகிவிடாமல் அதன் வளைவு ஆரம் 1.6 மி.மீ.-க்குக் குறையக்கூடாது என்ற விதியும் உண்டு.

வீரர்கள் பார்ட்டிங் லைன் உயரம் என்று பேசிக்கொள்கிறார்களே, அது என்ன?

டிஸ்க் வார்க்கப்படும் அச்சு மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு துண்டுகளாக இருக்கும். அவை சேரும் இடத்தில் டிஸ்க்கின் ஓரத்தைச் சுற்றி மெல்லிய ஒரு கோடு விழுகிறது. நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். விளிம்பின் முனை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை அந்தக் கோடு காட்டிக்கொடுக்கிறது. முனை உயரமாக இருந்தால் டிஸ்க் ஓவர்ஸ்டேபிள் பக்கம் சாயும். தாழ்வாக இருந்தால் அண்டர்ஸ்டேபிள் பக்கம் சாயும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வேறுபாடுகூடக் களத்தில் தெரியும்.

என்னைக் கேட்டால், டிஸ்க் வாங்குபவர் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் சோதனை இதுதான். ஒரே அச்சில் வந்த இரண்டு டிஸ்க்குகளைச் சமதளமான மேசைமீது ஓரம் ஓரத்தோடு ஒட்டி வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். இரண்டின் முனைகளும் ஒன்றையொன்று நேராகத் தொடாமல் ஒன்று மற்றதன் மேலேறி உட்கார்ந்தால், மேலே இருப்பதுதான் அதிகம் ஓவர்ஸ்டேபிளாகப் பறக்க வாய்ப்புள்ளது. டிஸ்க்கின்மீது அச்சிட்ட எண்ணைவிட இந்தச் சோதனையை நான் அதிகம் நம்புகிறேன்.

மேற்பரப்பு குவிந்திருப்பதும் தட்டையாக இருப்பதும் என்ன வேறுபாட்டைத் தரும்?

டோம் எனப்படும் குவிந்த மேற்பரப்பு பொதுவாக அதிகத் தூக்குவிசை தருகிறது. டிஸ்க் காற்றில் நீண்ட நேரம் மிதக்கிறது. குறைந்த வேகத்தில் வீசுபவருக்கு இது பெரிய உதவி. தட்டையான டிஸ்க் மிதப்பது குறைவு. வேகமாக, நேராகச் சென்று, இறங்கவேண்டிய இடத்தில் தயங்காமல் இறங்குகிறது. ஃபோர்ஹேண்ட் வீசுபவர்கள் பலர் தட்டையானதை விரும்புவதற்குக் கையில் அது ஒல்லியாக அமைவதும் ஒரு காரணம்.

தட்டையானது என்றாலே ஓவர்ஸ்டேபிள் என்று சொல்லிவிடுவது முழு உண்மையன்று. ஆறும்போது நடுப்பகுதி எழும்பினால் ஓரமும் சேர்ந்து இடம் மாறுகிறது. ஆகவே டோமும் பார்ட்டிங் லைனும் பெரும்பாலும் இணைந்தே மாறுகின்றன. ஒன்றை மட்டும் பார்த்து முடிவுகட்டக்கூடாது.

விளிம்பின் அடியில் சில டிஸ்க்குகளுக்கு இருக்கும் புடைப்பு எதற்காக?

பீட் எனப்படும் அந்தச் சிறு உருட்டு, விளிம்பின் அடிப்புறத்தில் ஓடுகிறது. ஒரே பட்டர் பீட் உள்ளதாகவும் இல்லாததாகவும் வெளிவரும்போது, பீட் உள்ளது சற்றே ஓவர்ஸ்டேபிளாகப் பறக்கும். தேய்மானத்தையும் நன்றாகத் தாங்கும். கையில் அது உறுத்துகிறதா, உதவுகிறதா என்பது அவரவர் விரல்களைப் பொறுத்தது.

பிளாஸ்டிக் வகைகளை எப்படிப் பிரித்து அறிவது?

ஒவ்வொரு நிறுவனமும் தன் கலவைக்குத் தனிப்பெயர் சூட்டுகிறது. எனினும் அவற்றை மூன்று பெரும் குடும்பங்களாகப் பார்க்கலாம்.

முதலாவது அடிப்படை பிளாஸ்டிக். இன்னோவாவின் டிஎக்ஸ், டிஸ்கிராஃப்டின் ப்ரோ-டி, டைனமிக் டிஸ்க்ஸின் பிரைம் போன்றவை இதில் சேரும். விலை குறைவு, பிடி மிக நன்று, தேய்மானம் வேகம். இரண்டாவது, பெரும்பாலும் ஒளி ஊடுருவும் கண்ணாடித் தோற்றத்துடன் வரும் கடினமான உயர்தர பிளாஸ்டிக்: இன்னோவாவின் சாம்பியன், டிஸ்கிராஃப்டின் இஸட், லாட்டிட்யூட் 64 நிறுவனத்தின் ஆப்டோ, டைனமிக் டிஸ்க்ஸின் லூசிட். மரத்தில் எத்தனை முறை மோதினாலும் இவை எளிதில் வடிவம் இழப்பதில்லை. ஆனால் ஈரத்திலும் குளிரிலும் வழுக்கும். மூன்றாவது, இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் ஒளிபுகா உயர்தர பிளாஸ்டிக்: இன்னோவாவின் ஸ்டார், டிஸ்கிராஃப்டின் ஈஎஸ்பி, டைனமிக் டிஸ்க்ஸின் ஃபியூஷன். பிடியும் உண்டு, உழைப்பும் உண்டு; டிரைவர்களுக்குப் பெரும்பாலோர் நாடுவது இதைத்தான். ஸ்டாரை இன்னும் நெகிழ்வாக்கிய ஜிஸ்டார் போன்ற உட்பிரிவுகளும் இருக்கின்றன.

எம்விபி நிறுவனத்தின் டிஸ்க்குகள் தனிவகை. நடுப்பகுதிக்கு ஒரு பிளாஸ்டிக்கும், ஓரத்தைச் சுற்றிக் கனமான இன்னொரு பிளாஸ்டிக்கும் வைத்து இரண்டு கட்டமாக வார்க்கிறார்கள். பொருளின் அடர்த்தியே எடைப் பரவலை மாற்றுவதால், பிளாஸ்டிக் பறத்தலை நேரடியாகத் தொடும் அரிய இடம் இது.

ஒரே அச்சில் வார்த்தும் பிளாஸ்டிக்குக்குப் பிளாஸ்டிக் பறத்தல் மாறுவது ஏன்?

உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்தப்பட்டு, ஓரளவு ஆறியதும் வெளியே எடுக்கப்படுகிறது. அதன் பிறகும் அது சுருங்கிக்கொண்டே இருக்கும். தடித்த விளிம்பு மெதுவாக ஆறும். மெல்லிய நடுத்தட்டு விரைவாக ஆறும். இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறியில் நடுத்தட்டு மேலே எழும்பலாம் அல்லது தட்டையாகலாம். முனை உயரலாம் அல்லது தாழலாம். ஒவ்வொரு கலவையும் தனக்கே உரிய அளவில் சுருங்குவதால், ஒரே அச்சு உண்மையில் பல வடிவங்களைப் பிறப்பிக்கிறது. ஒரே கலவையிலும்கூட நிறமி, வெப்பநிலை, அச்சில் வைத்திருக்கும் நேரம் ஆகியவை மாறினால் தொகுப்புக்குத் தொகுப்பு வேறுபாடு வரும். பழைய தொகுப்பு ஒன்றை வீரர்கள் தேடி அலைவதற்கு இது நியாயமான காரணம்.

பொதுவான போக்கு என்று கேட்டால், ஒரே அச்சில் சாம்பியன் போன்ற கடினமானவை அதிகம் ஓவர்ஸ்டேபிளாகவும், ஸ்டார் போன்றவை சற்றுக் குறைவாகவும், அடிப்படை பிளாஸ்டிக் அதனினும் குறைவாகவும் பறக்கும். விதிவிலக்குகள் ஏராளம். போக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; தீர்ப்பை மேசைமீது வைத்துப் பார்க்கும் சோதனைக்கும் களத்துக்கும் விட்டுவிடுங்கள்.

டிஸ்க் தேயத்தேயப் பறத்தல் எப்படி மாறுகிறது?

அண்டர்ஸ்டேபிள் பக்கம் நகர்கிறது. மரத்தில் மோதும் ஒவ்வொரு முறையும் விளிம்பின் முனை சிறிது மழுங்கி, கீழ்நோக்கி மடிகிறது. தேய்ந்த டிஎக்ஸ் டிஸ்க் ஒன்றின் ஓரத்தில் விரலை மெதுவாகச் சுற்றி ஓட்டினால், பளபளப்பு போய், நுண்ணிய பிசிறுகள் விரல்நுனியில் தட்டுப்படும். பார்ட்டிங் லைன் சில இடங்களில் காணாமலே போயிருக்கும். முனை தாழ்ந்துவிட்டதால் டர்ன் கூடி, ஃபேட் குறைகிறது.

இதைக் கேடு என்று மட்டும் எண்ணவேண்டாம். இன்னோவாவின் ராக் போன்ற மிட்ரேஞ்சை (இடைத்தூர டிஸ்க்கை) அடிப்படை பிளாஸ்டிக்கில் மூன்று நான்கு வாங்கி, வெவ்வேறு தேய்மான நிலைகளில் பையில் வைத்திருப்பது நெடுநாள் வழக்கம். புதியது இடப்பக்கம் திரும்பும். நடுத்தரமாகத் தேய்ந்தது நேராகச் செல்லும். நன்றாகத் தேய்ந்தது வலப்பக்கம் வளைந்து போகும். கைக்கு மூன்றும் ஒன்றே என்பதுதான் இதன் அழகு. உயர்தர பிளாஸ்டிக்கிலும் இதே மாற்றம் நிகழும். ஆனால் மிக மெதுவாக.

பட்டருக்கு மட்டும் பலர் விலை குறைந்த பிளாஸ்டிக்கையே விரும்புவது ஏன்?

சிக்கனத்துக்காக மட்டும் அன்று. கூடைக்குள் போடும் வீச்சான பட்டிங்கில் விரல்களின் பிடியும் விடுபடும் கணத்தின் துல்லியமுமே முதன்மை. அடிப்படை பிளாஸ்டிக்கின் உலர்ந்த, சற்றே சொரசொரப்பான பரப்பு அதற்கு இசைவானது. கூடையின் சங்கிலியில் பட்டதும் வழுக்கி வெளியேறாமல் அது நின்றுகொள்கிறது என்பதும் பரவலான அனுபவம். பட்டர் மரங்களில் வேகமாக மோதுவது அரிது என்பதால் தேய்மானமும் பெரிய தொல்லையாவதில்லை. அதே பட்டரை, முதல் வீச்சு தொடங்கும் இடமான டீயிலிருந்து முழு வீச்சாக வீசுவதானால் உயர்தர பிளாஸ்டிக்கில் தனியாக ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

குளிரும் ஈரமும் பிளாஸ்டிக்கை எப்படிப் பாதிக்கின்றன?

குளிரில் எல்லா பிளாஸ்டிக்கும் இறுகும். ஏற்கெனவே கடினமானது கல்போல் ஆகி, விரலில் பிடிக்காமல் முன்கூட்டியே நழுவும். அப்படி நழுவிய வீச்சில் வேகமும் சுழற்சியும் குறைவதால் டிஸ்க் சீக்கிரமே இடப்பக்கம் விழும். வீரரோ பிளாஸ்டிக்கே ஓவர்ஸ்டேபிளாகிவிட்டது என்று எண்ணிக்கொள்வார். அடிப்படை பிளாஸ்டிக் கடுங்குளிரில் மரத்தில் மோதினால் விரிசல் காணவும் கூடும். குளிருக்கும் மழைக்கும் நெகிழ்வான ஜிஸ்டார் வகைகளே என் தேர்வு. எந்த பிளாஸ்டிக்காக இருந்தாலும் துடைக்க உலர்ந்த துண்டு அவசியம்.

எடை எந்த அளவுக்கு முக்கியம்?

பி.டி.ஜி.ஏ. விதிப்படி, விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் வீதம்தான் டிஸ்க்கின் எடை இருக்கலாம்; எப்படியும் 200 கிராமைத் தாண்டக்கூடாது. 21.1 செ.மீ. விட்டமுள்ள டிரைவருக்கு இந்தக் கணக்கு 175.1 கிராம் தருகிறது. டிரைவர்களின் எடை 175 என்ற எண்ணையே சுற்றி வருவதன் காரணம் இதுதான். 21.7 செ.மீ. விட்டமுள்ள மிட்ரேஞ்ச் 180 கிராம் வரை போகலாம்.

எடை குறைந்த டிஸ்க்கைக் கை எளிதாக வேகப்படுத்தும். ஆனால் காற்று அதை எளிதாகப் புரட்டும். ஒரே அச்சில் 150 கிராமில் வருவது 175 கிராமில் வருவதைவிட அண்டர்ஸ்டேபிளாகத் தோன்றும். உயர்தர பிளாஸ்டிக்குகள் அடர்த்தி மிகுந்தவை என்பதால் அகன்ற விளிம்புள்ள டிரைவரை அவற்றில் எடை குறைவாக வார்ப்பது கடினம். இன்னோவாவின் பிளிசார்ட் வகையில் பிளாஸ்டிக்குக்குள் நுண்குமிழிகளைக் கலந்து இதைச் சாதிக்கிறார்கள்.

காற்றடிக்கும்போது எதைத் தேர்ந்தெடுப்பது?

எதிர்க்காற்றில் டிஸ்க் சந்திக்கும் காற்றின் வேகம் கூடுவதால் டர்ன் மிகுந்து, டிஸ்க் அண்டர்ஸ்டேபிளாக நடந்துகொள்ளும். அப்போது முனை உயர்ந்த, தட்டையான, கனமான, புதிய உயர்தர பிளாஸ்டிக்கை எடுங்கள். பின்காற்றில் எல்லாம் தலைகீழ்: மிதப்பு குறைந்து ஃபேட் மிகுவதால், டோம் உள்ள, தேய்ந்த, இலகுவான டிஸ்க்குக்கு அது நல்ல நேரம். காற்று மெலிந்த உயரமான இடங்களிலும் டிஸ்க்குகள் ஓவர்ஸ்டேபிளாகவே நடந்துகொள்கின்றன. வலுவான பின்காற்று என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு உச்சமான சான்று, 2016-இல் அமெரிக்காவின் நெவாடா பாலைநிலத்தில் டேவிட் விகின்ஸ் ஜூனியர் 338 மீட்டர் வீசிய உலக சாதனை.

புதிதாகத் தொடங்குபவர் எந்த வடிவத்தை, எந்த பிளாஸ்டிக்கில் வாங்கலாம்?

ஒரு பட்டர், ஒரு மிட்ரேஞ்ச், வேகம் 6 அல்லது 7 உள்ள ஒரு டிரைவர் போதும். பட்டர் அடிப்படை பிளாஸ்டிக்கிலும், மற்ற இரண்டும் பிடியுள்ள நடுத்தர பிளாஸ்டிக்கிலும் இருக்கட்டும். டிஸ்கிராஃப்டின் பஸ், 5, 4, −1, 1 என்ற எண்களுடன், வீசுபவரின் கோணத்தை அப்படியே காட்டும் மிட்ரேஞ்ச். கற்பதற்கு அதைவிடச் சிறந்த ஆசிரியர் குறைவு.

வேகம் 12 உள்ள டிரைவரை மட்டும் தொடக்கத்தில் வாங்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன். தேவையான வேகம் கிடைக்காதபோது அழுத்த மையம் தொடக்கத்திலேயே முன்னால் நின்றுவிடும். டிஸ்க் கிளம்பியதும் இடப்பக்கம் சரிந்து விழும். அதைத் திருத்த வீசுபவர் கையை வளைக்கக் கற்றுக்கொள்வார். அந்தப் பழக்கத்தை விடுவிப்பதற்குப் பல மாதங்கள் ஆகும்.

டிஸ்க்கின் வடிவத்தை நானே திருத்திக்கொள்ளலாமா?

தனியாகப் பயிற்சி செய்ய என்றால் யாரும் தடுக்கப்போவதில்லை. பி.டி.ஜி.ஏ. போட்டிகளில், பறக்கும் தன்மையை மாற்றும் வகையில் திருத்தப்பட்ட டிஸ்க் செல்லாது. வார்ப்புப் பிசிறுகளையும் மோதலில் வந்த கீறல்களையும் நீக்க அளவாகத் தேய்த்துக்கொள்ளலாம். விளையாட்டில் இயல்பாக நேரும் தேய்மானமும் ஏற்கப்படும். சாயம் ஏற்றுவது பிளாஸ்டிக்குள் ஊறி, பரப்பில் தடிமன் எதையும் சேர்க்காதவரை பிழையில்லை. பூச்சாகத் தடித்து நிற்கும் பெயின்ட் கூடாது. விரிசல் விட்டதும் துளைபட்டதும் செல்லாது.

வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்து நெளிந்துபோன டிஸ்க்கைப் பற்றியும் இங்கே கேட்கிறார்கள். உயர்தர பிளாஸ்டிக்கைக் கையால் எதிர்ப்பக்கம் மெல்ல வளைத்து, சமதளத்தில் கிடத்தி வைத்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அடிப்படை பிளாஸ்டிக் அந்த அளவுக்கு ஒத்துழைக்காது. திரும்பிய பிறகும் மேசைமீது வைத்து ஓரம் முழுவதும் தரையைத் தொடுகிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டுப் பையில் போடுங்கள்.